ஐந்து துண்டுகளின் சாட்சியம்

மார்பகக் கட்டியில் ஊசி செலுத்திச் சதைத் துண்டு எடுத்தாகிவிட்டது. 'புற்று இல்லை' என்கிறது அறிக்கை. அதை நம்ப எத்தனை துண்டுகள் எடுத்திருக்க வேண்டும்?

மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெருவில் இன்று பழம்பொருள் கடைகளும் காமிராவும் கையுமாக அலையும் சுற்றுலாப் பயணிகளும்தான் அதிகம். ஆனாலும் சில கிடங்குகளின் வாசலைக் கடக்கும்போது சுக்கும் மிளகும் இன்னும் மூக்கைத் துளைக்கின்றன. இந்திய மிளகு, நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம் 1957ல் மிளகுக்கான முன்பேர வர்த்தகத்தைத் தொடங்கியது இந்தத் தெருவில்தான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு தரகர்கள் தொண்டை வறளக் கூவி விலை வைத்த இடம் இது.

மூட்டை மூட்டையாக மிளகு கை மாறும் இடத்தில் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துக் கொட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதற்குத்தான் குத்தூசி. நுனி கூராகவும் உள்ளே பள்ளமாகவும் இருக்கும் இந்த இரும்புக் கம்பியைச் சாக்கில் செருகி இழுத்தால் ஒரு பிடி மிளகு கூடவே வரும். லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது, ஈரப்பதம் எவ்வளவு, பொக்கு எத்தனை என்று அந்த ஒரு பிடியை வைத்தே முடிவாகிவிடும். தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும்.

எத்தனை மூட்டைகளைக் குத்துவது? அதற்கும் விதி உண்டு. நறுமணப் பொருள்களுக்கான பன்னாட்டு முறைப்படி நூறு மூட்டைக்கு மேல் போனால் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் போதும். 400 மூட்டை என்றால் 20. ஆனால் அந்த 20 எங்கெங்கே இருந்து வரவேண்டும் என்பதில்தான் சாமர்த்தியம். வாசலோரம் அடுக்கிய மூட்டைகளை மட்டும் குத்திவிட்டுப் போகிறவர் பின்னால் அடுக்கியதை விலை கொடுத்துத் தெரிந்துகொள்வார். பிடி மிளகின் தீர்ப்பு எவ்வளவு கனமானது என்பதைக் கொச்சி 2012 டிசம்பரில் பார்த்தது. சில மாதிரிகளில் கனிம எண்ணெய் கலந்திருப்பது தெரிந்ததும் கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரை வைத்தது.

இதே மட்டாஞ்சேரியில் ஒரு பெண்ணுக்குக் குளிக்கும்போது மார்பில் கட்டி ஒன்று தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலம் கடந்து எர்ணாகுளம் பொது மருத்துவமனைக்கோ, 2014ல் களமசேரியில் தொடங்கிய கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்கோ, நகரில் ஏராளமாக இருக்கும் தனியார் மருத்துவமனைகளில் ஒன்றுக்கோ அவர் போவார். அங்கே அவருக்காகக் காத்திருப்பதும் ஒரு குத்தூசிதான். தடிமன் சுமார் இரண்டு மில்லிமீட்டர். அதிலும் உள்ளே ஒரு பள்ளம். கேள்வியும் அதே கேள்வி: எத்தனை தடவை குத்தினால் போதும்?

கேள்விக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் பெரிது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022ல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று கண்டறியப்பட்டது; சுமார் 98,000 பேர் அந்த நோயால் இறந்தார்கள். இவர்களைப் போலப் பல மடங்குப் பெண்கள் கட்டி என்று வந்து, சோதனைக்குப் பிறகு ஒன்றுமில்லை என்று வீடு திரும்புகிறவர்கள். இரு சாராரையும் பிரிப்பது அந்த ஊசி எடுத்துவரும் துண்டுதான்.

துண்டு எப்படி வருகிறது என்பதைப் பார்க்கலாம். தோலை மரக்கச் செய்து, சில மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறி, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி டாக்டர் ஊசியைக் கட்டியின் விளிம்புவரை கொண்டுபோகிறார். விசையைத் தட்டியதும் 'டப்' என்று ஸ்டேப்ளர் அடித்தாற்போல ஒரு சத்தம். உள் ஊசி பாய்கிறது, வெளிக்குழல் அதன்மேல் வெட்டிக்கொண்டு மூடுகிறது, பள்ளத்தில் சேமியா போல ஒரு சதை இழை சிக்குகிறது. சுருள்விசையால் இயங்கும் இந்தத் 'துப்பாக்கி'யை 1982ல் அறிமுகப்படுத்தியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-குன்னார் லிண்ட்கிரென். அமெரிக்காவின் ஸ்டீவ் பார்க்கர் 1990ல் மூன்று தடிமன் ஊசிகளை மார்பகத்தில் பரிசோதித்து, அவற்றில் பருத்ததான 14 கேஜ் ஊசியே நம்பகமானது என்று காட்டினார். அறுவை சிகிச்சைக் கத்தியின் வேலையை ஊசி எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டியின் எடை சுமார் நான்கு கிராம். 14 கேஜ் ஊசியில் வரும் ஓர் இழையின் எடை சராசரியாக 15 முதல் 20 மில்லிகிராம். ஐந்து இழைகளைச் சேர்த்தாலும் 100 மில்லிகிராமைத் தாண்டாது. அதாவது கட்டியில் நாற்பதில் ஒரு பங்குகூட முழுதாகத் தேறவில்லை. கதை அங்கேயும் முடிவதில்லை. இழையை மெழுகில் பதித்து, நான்கு மைக்ரான் தடிமனில் சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். ஒரு தலைமுடியின் பருமனில் பதினைந்தில் ஒரு பங்கு அது. ஒன்றரை மில்லிமீட்டர் பருமனுள்ள இழையிலிருந்து இப்படி 350க்கு மேற்பட்ட சீவல்கள் போடலாம். நோய்க்குறியியல் நிபுணர் பார்ப்பது அவற்றில் சிலவற்றைத்தான். ஆக, 'புற்று இல்லை' என்ற வரியைச் சரியாக வாசித்தால் 'பார்த்த சீவல்களில் புற்று இல்லை' என்றுதான் பொருள்.

எத்தனை இழை போதும் என்பதை ஒருவர் எண்ணியே பார்த்தார். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன்-கெட்டரிங் மருத்துவமனையில் லாரா லிபர்மனும் சகாக்களும் 1994ல் வெளியிட்ட ஆய்வு அது. 145 இடங்களிலிருந்து எடுத்த இழைகளை ஒன்றாம் இழை, இரண்டாம் இழை என்று வரிசை எண் போட்டுத் தனித்தனியாகச் சோதித்தார்கள். முதல் இழையே பத்தில் ஏழு பேருக்குச் சரியான விடையைத் தந்துவிட்டது. ஐந்தாவது இழைக்குள் கட்டிகளில் 99 சதவீதத்துக்கு விடை கிடைத்தது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே எடுத்தால் உடையாத, சரியான இடத்தில் எடுத்த நான்கு இழைகளே போதும் என்று 2003ல் வேறொரு அமெரிக்க ஆய்வு சொன்னது. நான்கு, ஐந்து என்று இன்று டாக்டர்கள் வாய்ப்பாடு போலச் சொல்லும் எண்ணின் பின்புலம் இதுதான்.

ஆனால் லிபர்மனின் பட்டியலில் இன்னொரு வரியும் உண்டு. அதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அந்த 145ல் 53 கைக்குத் தட்டுப்படும் கட்டிகளே அல்ல. மாமோகிராம் படத்தில் உப்புத் தூவியது போலத் தெரியும் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள். இவற்றில் ஐந்து இழைகளுக்குப் பிறகும் 87 சதவீதத்துக்குத்தான் விடை கிடைத்தது. ஆறும் அதற்கு மேலும் எடுத்தபோது 92 ஆனது.

ஏன் இந்த வித்தியாசம்? ஒவ்வொரு குத்தும் தாயக்கட்டை உருட்டுவது போலத் தனித்தனி அதிர்ஷ்டமாக இருந்தால், பத்தில் ஏழு வாய்ப்புள்ள ஊசி ஐந்தாவது முறைக்குள் 99 சதவீதத்தைத் தாண்டியே ஆகவேண்டும். குத்துகள் அப்படித் தனித்தனியானவை அல்ல. முதல் குத்து இலக்கிலிருந்து அரை சென்டிமீட்டர் விலகியிருந்தால், அதே கோணத்தில் போகும் அடுத்த நான்கும் விலகியேதான் இருக்கும். வாசலோர மூட்டையையே ஐந்து முறை குத்திய கதை. கட்டி என்றால் அது ஒரே திரட்சி, விளிம்பு தெரியும், ஊசி பட்டால் அசையும். சுண்ணாம்புப் புள்ளிகளோ பால் நாளங்களுக்குள் சிதறிக் கிடப்பவை. புற்று இருந்தாலும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நல்ல சதை இருக்கும்.

அதனால் புள்ளிகளுக்கு வேறு கருவி. வெற்றிட விசையால் சதையை உறிஞ்சி வெட்டும் 11 கேஜ் ஊசி ஒரே இழையில் சுமார் 100 மில்லிகிராம் எடுக்கிறது. சாதாரண ஊசியின் ஐந்து இழைகளுக்குச் சமம். ஊசியை வெளியே எடுக்காமலே கடிகார முள் போலச் சுழற்றிப் பத்துப் பன்னிரண்டு இழைகளை எடுத்துவிடலாம். எடுத்த இழைகளையே எக்ஸ்ரே எடுத்து, தேடிய சுண்ணாம்பு அதில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறார்கள். இருந்தால் சரியான மூட்டை. இல்லாவிட்டால் எத்தனை எடுத்திருந்தாலும் வீண்.

சாதாரணக் கட்டியிலும் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் எண்ணிக்கையை மட்டும் நம்புவதில்லை. ஃபார்மலின் புட்டியில் இழை விழும்போது கவனிக்கிறார். வெளுத்து, முழு நீளத்தில், அடியில் போய்த் தங்கினால் நல்லது. மஞ்சளாக மிதந்தால் அது வெறும் கொழுப்பு. ஜூ டவுன் வியாபாரியின் பப்பாளி விதைச் சோதனைக்கும் இதற்கும் தத்துவத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

நம் ஊர்களில் நிலைமை இன்னும் ஒரு படி பின்னால். பல சிறு நகரங்களில் 'ஊசி டெஸ்ட்' என்றாலே எஃப்என்ஏசிதான். ரத்தம் எடுக்கும் ஊசி அளவுக்கு மெலிந்த ஊசியால் செல்களை உறிஞ்சித் தகட்டில் பூசிப் பார்க்கும் முறை. மலிவு, மயக்க மருந்தே வேண்டியதில்லை, அன்றைக்கே முடிவு. தேர்ந்த கைகளில் இது அருமையான சோதனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதில் வருவது உதிர்ந்த செங்கற்கள்; சுவர் அல்ல. புற்று செல் பால் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, சுவரைத் துளைத்து வெளியேறிவிட்டதா என்பதை உதிரி செல்லை வைத்துச் சொல்ல முடியாது. சிகிச்சையே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறுகிறது. தவிர, செல் போதவில்லை என்று திரும்பி வரும் தகடுகளும் கணிசம். 'போதவில்லை' என்பதை 'ஒன்றுமில்லை' என்று புரிந்துகொண்டு ஆறு மாதம் சும்மா இருந்துவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து.

எண்ணிக்கை, இலக்கு இவற்றைத் தாண்டிய இன்னொரு கண்ணியும் அறுந்துபோகலாம் என்பதைக் கேரளம் 2019ல் கண்கூடாகப் பார்த்தது. கொச்சியிலிருந்து சாலை வழியே இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி. மார்பகக் கட்டியோடு அங்கே போனார் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண். எடுத்த சதை மாதிரிகளில் ஒன்று கல்லூரியின் சொந்த ஆய்வகத்துக்குப் போனது. இன்னொன்று வெளியே ஒரு தனியார் ஆய்வகத்துக்கு. தனியார் அறிக்கை முந்திக்கொண்டு வந்தது, புற்று என்றது. கீமோதெரபி தொடங்கியது. கல்லூரி ஆய்வகத்தின் அறிக்கை பின்னால் வந்தது. புற்று இல்லை என்றது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் நடந்த மறு ஆய்வும் புற்று இல்லை என்றே உறுதி செய்தது. அதற்குள் கீமோவின் பக்கவிளைவுகளை அந்த உடம்பு அனுபவித்துவிட்டிருந்தது. செய்தி ஜூன் மாதம் வெளியானதும் அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜா விசாரணைக்கு உத்தரவிட்டார்.

இந்தச் சம்பவத்தில் மாதிரி குறைந்துவிடவில்லை. ஒன்றுக்கு இரண்டு இடத்தில் சோதனை. பார்க்கப்போனால் இரண்டாவது மாதிரி இருந்ததால்தான் உண்மையே வெளிவந்தது. குறைந்தது காத்திருப்பு. இரண்டு சாட்சிகளை அழைத்துவிட்டு முதல் சாட்சி சொன்னதும் தீர்ப்பு எழுதினால், இரண்டாம் சாட்சி எதற்கு? புற்று என்றதும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்ற பதற்றம் நோயாளிக்கும் உண்டு, டாக்டருக்கும் உண்டு. அந்தப் பதற்றம் இயல்பானது. ஆனால் மார்பகப் புற்று பெரும்பாலும் ஒரே வாரத்தில் கட்சி மாறும் நோய் அல்ல.

நுண்ணோக்கிக்குப் பின்னால் இருக்கும் கண்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் ஜோன் எல்மோர் குழுவினர் 2015ல் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகில் கொஞ்சம் முகச்சுளிப்பை ஏற்படுத்தியது. 115 நோய்க்குறியியல் நிபுணர்களிடம் மார்பகத் துண்டுகளின் தகடுகளைக் கொடுத்து, அவர்கள் சொன்னதை மூன்று தேர்ந்த நிபுணர்களின் ஒருமித்த முடிவோடு ஒப்பிட்டார்கள். பரவிய புற்று என்றால் 96 சதவீதம் ஒத்துப்போனது. கவலையில்லை. நாளத்துக்குள் அடங்கிய ஆரம்பப் புற்றில் 84. புற்றுக்கும் நல்ல சதைக்கும் நடுவே நிற்கும், 'இயல்பு திரிந்த' செல்கள் என்ற வகையில் வெறும் 48. நாணயத்தைச் சுண்டிவிட்டால் வருவதைவிடக் குறைவு என்று யாராவது கிண்டலடித்தால் கோபப்பட முடியாது.

அந்த நடுவாந்தர வகையில்தான் துண்டுகளின் எண்ணிக்கை மறுபடியும் உள்ளே வருகிறது. இயல்பு திரிந்த செல்லா, அடங்கிய புற்றா என்பதைத் தீர்மானிப்பதில் அது எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்ற அளவும் சேர்கிறது. துண்டே சிறிதாக இருந்தால் அளக்க என்ன இருக்கும்? ஊசிச் சோதனையில் 'நாளத்துக்குள் அடங்கிய புற்று' என்று முடிவான 1,326 இடங்களை ஜாக்மன் குழுவினர் 2001ல் ஆராய்ந்தார்கள். பின்னர் அறுவை செய்தபோது சிலவற்றில் புற்று நாளத்தைத் துளைத்து வெளியேறியிருந்தது தெரிந்தது. பத்துத் துண்டும் அதற்குக் கீழும் எடுத்திருந்தவர்களில் இப்படிக் குறைத்து மதிப்பிடப்பட்டவை 17.5 சதவீதம். பத்துக்கு மேல் எடுத்திருந்தவர்களில் 11.5. அதாவது, கட்டி புற்றா இல்லையா என்பதற்கு நான்கைந்து துண்டு போதும். எந்த அளவுக்கு முற்றிய புற்று என்று தெரிய அது போதாமல் போகலாம். பலர் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்று மூன்றாவதாகவும் ஒரு கேள்வி உண்டு: எந்த மருந்து? ஈஸ்ட்ரஜன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் மாத்திரையா, டிராஸ்டுஸுமாப் போன்ற விலை உயர்ந்த ஊசியா என்று முடிவாகிறது. ஒரே கட்டியின் ஒரு மூலையில் ஹெர்-2 மிகுந்தும் மறு மூலையில் இல்லாமலும் இருப்பதுண்டு. ஒரே மூலையில் எடுத்த ஒற்றை இழை இங்கே ஏமாற்றிவிடும். பெரிய கட்டிகளுக்கு முதலில் கீமோ, பிறகு அறுவை என்ற முறை பரவலாகிவிட்டதால் சங்கடம் இன்னும் கூடுகிறது. கீமோவில் கட்டி முழுதாகக் கரைந்துபோனால் சந்தோஷம்தான். ஆனால் பிறகு ஏதாவது சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்கக் கட்டியே இருக்காது. அந்தப் பெண்ணின் நோய்க்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சான்று மெழுகுக் கட்டைக்குள் இருக்கும் அந்தச் சேமியாத் துண்டுகள்தான். கீமோ தொடங்குவதற்கு முன்பே நிறைவாக எடுத்து வைக்கவேண்டும் என்பதும், கட்டி இருந்த இடத்தில் கடுகளவு உலோக அடையாளம் ஒன்றைப் பதித்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

எடுத்ததைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதும் அதே அளவுக்கு முக்கியம். துண்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழுந்து, ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊறவேண்டும் என்பது சர்வதேச நெறி. கொஞ்சமாக ஊற்றிய ஃபார்மலினிலோ, வெறும் உப்புநீரிலோ போட்டுப் பஸ்ஸில் அனுப்பிய துண்டில் ஏற்பி இருந்தாலும் இல்லை என்றே காட்டும். பத்துத் துண்டு எடுத்தும் பயனில்லை.

இத்தனை குத்து குத்தினால் புற்று பரவிவிடாதா? மட்டாஞ்சேரியானாலும் மதுரையானாலும் டாக்டர்கள் தினமும் எதிர்கொள்ளும் கேள்வி இது. பயாப்ஸிக்கு வராமல் நாட்டு மருந்தோடு வீட்டிலேயே இருந்துவிட்டு, புண்ணாகிய பிறகு வருகிற பெண்களின் பின்னால் பெரும்பாலும் இந்தப் பயம்தான் இருக்கிறது. பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஊசி போன பாதையில் சில புற்று செல்கள் இடம்பெயர்வது உண்மை. 1999ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 352 பெண்களில் 32 சதவீதத்தினரிடம் அதைக் கண்டது. ஆனால் ஊசி போட்ட நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடைவெளி கூடக் கூட அப்படிப்பட்ட செல்கள் குறைந்துகொண்டே போயின. வேர்பிடித்திருந்தால் கூடியிருக்க வேண்டும். பெயர்ந்த செல்கள் பிழைப்பதில்லை என்பதுதான் இதன் பொருள். ஊசிச் சோதனை செய்துகொண்ட பெண்கள் அதனால் ஆயுளை இழக்கவில்லை. சில நாள் கன்றிப்போய் நீலம் பாரிப்பது சகஜம். ரத்தக்கட்டுக்காகத் தனியாகச் சிகிச்சை தேவைப்படுவது அபூர்வம்.

பயாப்ஸி அறிக்கையை வாங்கிக்கொண்டு வெளியே வரும் பெண்ணோ அவர் கணவரோ கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். மேலே உள்ள வரிகளையும் பார்ப்பது நல்லது. எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் எத்தனை நீளம் என்று அங்கே எழுதியிருக்கும். பல மருத்துவமனைகள் பிரிட்டனில் வழக்கத்தில் உள்ள பி1 முதல் பி5 வரையிலான குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. பி5 புற்று, பி4 பலத்த சந்தேகம், பி3 இரண்டும் கெட்டான், பி2 தீங்கற்ற கட்டி. பி1 என்றால் இயல்பான சதை. கேட்க இனிமையாக இருந்தாலும் இருப்பதிலேயே தந்திரமான விடை இதுதான். கைக்குக் கட்டி தட்டுப்படுகிறது, ஸ்கேனிலும் தெரிகிறது, துண்டில் மட்டும் இயல்பான சதை என்றால் கட்டி எங்கே போயிற்று? ஊசி வேறெங்கோ போயிற்று என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

டாக்டரின் கை, ஸ்கேன், ஊசி ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதுதான் உரைகல். ஸ்கேன் படம் புற்று என்று அலறும்போது ஊசி 'சாதுவான கட்டி' என்றால், அதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி குத்துவதோ, கட்டியையே எடுத்துவிடுவதோதான் முறை. ஸ்கேன் சாதுவாகத் தெரியும்போது ஊசி புற்று என்றாலும் தகடுகளை இன்னொருவர் பார்ப்பதில் நஷ்டமில்லை. மெழுகுக் கட்டையையும் தகடுகளையும் நோயாளி கேட்டு வாங்கி, திருவனந்தபுரம் மண்டல மையத்திலோ அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலோ மும்பை டாடா மெமோரியலிலோ காட்டி இரண்டாவது கருத்துப் பெறலாம். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் அநாவசியம். நல்ல டாக்டர்கள் தாங்களே இதைச் சொல்கிறார்கள்.

துண்டுகளின் எண்ணிக்கை இப்போது இன்னும் பெரிய பந்தயத்துக்குள் நுழைந்திருக்கிறது. கீமோவில் கட்டி கரைந்துபோன பெண்ணுக்கு அறுவையே தேவையா என்று மருத்துவர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் ஹென்றி குவெரர் குழு, கட்டி இருந்த இடத்திலிருந்து 9 கேஜ் வெற்றிட ஊசியால் குறைந்தது 12 துண்டுகளை எடுத்துச் சோதித்தது. 50 பெண்களில் 31 பேருக்குப் புற்றின் சுவடு இல்லை. அவர்களுக்குக் கத்தியே வைக்காமல் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தார்கள். 2022ல் முடிவை வெளியிட்டபோது, ஏறக்குறைய இரண்டேகால் ஆண்டுக் கண்காணிப்பில் ஒருவருக்கும் புற்று திரும்பவில்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் யோர்க் ஹைல் குழு வெளியிட்ட ஆய்வில் கதை வேறு. அங்கே எல்லாப் பெண்களுக்கும் ஊசிச் சோதனைக்குப் பிறகு அறுவையும் நடந்தது. மிச்சப் புற்று இருந்த 208 பேரில் 37 பேரிடம் ஊசி அதைத் தவறவிட்டிருந்தது. அந்தத் தவறுகளில் ஒன்றுகூட, இருப்பதிலேயே பருத்த 7 கேஜ் ஊசி பயன்பட்டவர்களிடம் நேரவில்லை.